குழுவில் இருந்தும் பேசாதவர்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

வைத்தியரை மேடையேற்றினால் சீனி வருத்தத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், மாலையில் அரை மணித்தியாலம் நடவுங்கள் என்று சொல்லி அதை இந்த இடத்திலேயே முடித்துக்கொள்கிறோம். உப்பளங்களுக்குப் பேர்போன மாவட்டத்தில் நின்றுகொண்டு உப்பைக் குறைக்கச் சொல்வதில் உள்ள சங்கடம் வேறு.

சங்கம் கேட்டுக்கொண்டது வேறொரு விடயம். பல தொழில்களில், பல நாடுகளில் இருக்கும் நம் பழைய மாணவிகள் இணையத்தின் வழியே ஒருவருக்கொருவர் எப்படி உதவலாம் என்று யோசிக்கச் சொன்னார்கள். யோசிக்கத் தொடங்கியதுமே ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. இணையக் குழுக்களில் நாம் ஏற்கெனவே இருக்கிறோமே, அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

நம்மில் கணினிப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியைகள், கணக்காளர்கள் இருக்கிறார்கள். கொழும்பில், டோஹாவில், மெல்பேர்னில், டொரன்டோவில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் தொழிலைச் சேர்ந்த இரண்டு மூன்று குழுக்களிலாவது உறுப்பினர். இந்தப் பேச்சுக்கு ஆயத்தமானபோது, கிடைத்தவர்களிடமெல்லாம் "அந்தக் குழுக்களில் எழுதுவீர்களா?" என்று கேட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ எல்லோரிடமிருந்தும் வந்த பதில் ஒரே சொல்: "வாசிப்பேன்."

இதைச் சொன்னவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஆசிரியை வகுப்பில் இல்லாத நேரத்தில் மொனிட்டர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு எழுதுவாரே, அந்தப் பட்டியலில் தினமும் முதலிடம் பிடித்தவர்கள். இவர்கள் வாய் மூடியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் கூச்ச சுபாவம் என்று சொல்லிவிட முடியாது.

இது நமக்கு மட்டும் உள்ள நிலையும் அல்ல. இணையக் குழுக்களைப் பற்றி யேக்கப் நீல்சன் என்பவர் 2006 இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். நூறு பேரில் தொண்ணூறு பேர் வாசிப்பதோடு சரி. ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள். ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார். அதற்கு முன்பே, 2000 இல், பிளேர் நொனெக்கே, ஜெனி பிரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மின்னஞ்சல் குழுக்களை எடுத்து, ஒரு வரியும் எழுதாதவர்களை எண்ணிப் பார்த்தார்கள். மென்பொருள் சம்பந்தமான குழுக்களில் 82 வீதமானோர் பேசாதவர்கள். நோய் சம்பந்தமான குழுக்களில் பேசாதவர்கள் 46 வீதம் மட்டுமே.

வைத்தியர்களாகிய எங்களுக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான் வியப்பு. நோயைப் பற்றிப் பேசுவதுதானே கடினம்? முன்பின் தெரியாதவர்களிடம் தன் மார்பில் கட்டி இருக்கிறது என்று சொல்வது, கணினியில் ஒரு கட்டளை வேலை செய்யவில்லை என்று சொல்வதைவிட எவ்வளவோ சிரமமான காரியம். அப்படியிருந்தும் மக்கள் நோயைப் பற்றிக் கூடுதலாகப் பேசுகிறார்கள்.

இதற்கு எங்களுக்குத் தோன்றும் விளக்கம் இது. "எனக்கு இந்த இடத்தில் நோகிறது" என்று ஒருவர் எழுதினால் அதைப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது. தன் நோவைப் பற்றித் தன்னைவிட அறிந்தவர் இல்லை. தொழில்நுட்பக் குழுவில் நிலைமை வேறு. அங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். கேள்விகூடப் பிழையாகிவிடும்: "இதை ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள், தேடிப் பார்க்கவில்லையா?" என்று பதில் வரும். நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் விடிவதற்குள் எத்தனை பூங்கொத்துப் படங்கள் வந்து குவிகின்றன என்று உங்களுக்கே தெரியும். பிறந்தநாள் வாழ்த்தில் பிழை விட முடியாது. அதே குழுவில் ஒருவர் "பிள்ளைக்கு உயர்தரத்தில் எந்தப் பாடத் தொகுதி எடுத்தால் மருந்தாளர் படிப்புக்குப் போகலாம்?" என்று கேட்கட்டும். மருந்தாளராக இருக்கும் தோழிகள் மூவர் அந்தக் குழுவில் இருப்பார்கள். அதைப் பார்த்ததற்கு அடையாளமான நீலக் கோடு விழும். அதோடு சரி.

எல்லா மௌனத்தையும் ஒரே கணக்கில் சேர்ப்பதும் நியாயமில்லை. 2004 இல் அதே ஆய்வாளர்கள் பேசாதவர்களிடமே காரணம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள், வாசிப்பதே தங்களுக்குப் போதுமாக இருந்தது என்றார்கள். குழுவின் போக்கை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தவர்கள் சிலர். பேசாமல் இருப்பதே குழுவுக்குச் செய்யும் உதவி என்று நினைத்தவர்களும் உண்டு. வந்த பதிலையே இன்னொருவரும் எழுதி ஏன் இடத்தை அடைப்பது என்பது அவர்கள் எண்ணம். இவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? ஜீன் லேவ், எட்டியேன் வெங்கர் இருவரும் 1991 இல் எழுதிய நூல் ஒன்றில் மெக்சிகோவின் மாயா இனத்து மருத்துவிச்சிகளைப் பற்றிச் சொல்கிறார்கள். அங்கே மருத்துவிச்சியின் வீட்டில் வளரும் பெண்பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. அவள் கூடவே இருக்கிறாள், பார்க்கிறாள், சொன்னதை எடுத்துக்கொடுக்கிறாள். ஆண்டுகள் போனபின் அவளும் ஒரு மருத்துவிச்சி. நம் பாட்டிமார் காலத்து மருத்துவிச்சிமாரும் அப்படித்தான் பழகினார்கள். ஓரத்தில் இருந்து பார்ப்பதும் படிப்பில் ஒரு பகுதிதான்.

நம்மில் ஒரு வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஏறத்தாழ 75,000 பேர் வீடுவாசலை விட்டு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது நமது மாவட்டத்துக்கு. மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் நம் வகுப்பு வாங்குகளில் நம்மோடு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பேசிய யாழ்ப்பாணத் தமிழ் நம் காதுக்குப் புதிது. நம் பேச்சு அவர்களுக்குப் புதிது. முதல் தவணை முழுவதும் அவர்களில் பலர் வாய் திறக்கவில்லை. மந்தமான பிள்ளைகள் என்று முடிவுகட்டியவர்களும் இருந்தார்கள். தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வந்தபோது அந்த முடிவைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் அவ்வளவு நாளும் வகுப்பை வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடம் பென்சில் கேட்கலாம், எந்த ஆசிரியையிடம் மீண்டும் விளக்கம் கேட்டால் ஏசமாட்டார், எந்தச் சொல்லைச் சொன்னால் பின்வாங்கில் சிரிப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் பேசினார்கள். அவர்களில் மூவர் இன்று இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

உடப்பில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்பாப் பாட்டை ஒருவர் எடுத்துக்கொடுப்பார். மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். ஒன்றும் சொல்லாமல் கயிற்றை மட்டும் இழுப்பவர்களும் இருப்பார்கள். பாடாதவருக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வலை ஓரிடத்தில் கிழிந்திருப்பதைக் கண்டவர் பேசாமல் இருந்தால் எல்லோர் பங்கும் கடலுக்குப் போய்விடும். நாம் யோசிக்கவேண்டியது இந்த இரண்டாவது மௌனத்தைப் பற்றி. சொல்ல ஒன்று இருந்தும் சொல்லாமல் விடுகிறோமே, அதைப் பற்றி.

இனி ஒரு தங்கையின் கதை. அவர் கடலோரத்து வைத்தியசாலை ஒன்றில் தாதியாக இருந்தவர். 2017 ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டீர்கள். நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்கள் பதிவான ஆண்டு அது. வாட்டுகளில் கட்டில் போதாது, தரையில் பாய் விரித்த இடங்களும் உண்டு. டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து வரும். இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும் 24 முதல் 48 மணித்தியாலம் வரையான காலத்தில், நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்பதை அளந்துகொண்டே இருக்கவேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஒரு தாதி இத்தனை பேருக்கு இதை எப்படிச் செய்வது?

அந்தத் தங்கை ஒரு தாளில் படம் வரைந்தார். மில்லிலீற்றர் என்று எழுதினால் கூட இருக்கும் தாய்க்கோ உம்மாவுக்கோ விளங்காது. ஆகவே யோகட் கோப்பை ஒன்றை வரைந்தார். வெற்று யோகட் கோப்பைகளைக் கழுவி ஒவ்வொரு கட்டிலுக்கும் கொடுத்தார். பிள்ளை ஒரு கோப்பை குடித்தால் ஒரு கோப்பைக்குக் குறுக்கே கோடு. சிறுநீருக்கு வேறு கோப்பை, வேறு நிறம். சிங்களத் தாய்மாருக்கும் தமிழ்த் தாய்மாருக்கும் ஒரே தாள் போதும். அவர் சுற்றி வரும்போது கோடுகளை எண்ணி அட்டையில் பதிந்துகொள்வார். வேலை ஓடியது.

அதே நாட்களில் தாதியர்களின் பெரிய இணையக் குழு ஒன்றில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: நெரிசலான வாட்டில் திரவக் கணக்கை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று. நம் தங்கை அதை வாசித்தார். இரண்டு மூன்று பதில்களையும் வாசித்தார். எல்லாம் கருவிகளைப் பற்றியும் ஆளணியைப் பற்றியும் நல்ல ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பதில்கள். அவர் ஒன்றும் எழுதவில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறு பேச்சுக்கிடையில் இந்தத் தாளைப் பற்றிச் சொன்னார். ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். "யோகட் கோப்பையெண்டு எழுதினா சிரிக்கமாட்டாங்களா அக்கா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சின்ன விசயம்தானே, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். அவர் இடமாற்றம் பெற்றுப் போனதும் அந்தத் தாளும் போய்விட்டது. பக்கத்து வாட்டுக்குக்கூட அது போகவில்லை.

இந்த இரண்டு வாக்கியங்களிலும் ஏறத்தாழ முழு நோயும் இருக்கிறது. 'சிரிப்பார்கள்' என்பது ஒன்று. 'எல்லோருக்கும் தெரிந்திருக்கும்' என்பது மற்றது. இரண்டாவதுதான் மோசமானது என்பது எங்கள் எண்ணம். நாளாந்தம் கையால் செய்யும் வேலையில் கண்டுபிடித்தது, கண்டுபிடித்தவருக்கே அறிவாகத் தெரிவதில்லை. புத்தகத்தில் இருப்பதுதான் அறிவு, நாம் செய்வது சமாளிப்பு என்று நினைத்துவிடுகிறோம்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி பதில் தளம் 2008 இல் தொடங்கியது. நம் பொறியியல் தங்கைமார் அதைத் திறக்காத நாள் இருக்காது. அங்கே பதிலுக்குப் புள்ளி உண்டு, பிடிக்காவிட்டால் புள்ளி குறையும். 50 புள்ளி சேரும்வரை அடுத்தவர் பதிவின் கீழே ஒரு குறிப்புக்கூட எழுத முடியாது. 2015 இல் அவர்கள் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் பெண்கள் 5.8 வீதம்தான். டெனே ஃபோர்ட் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் பெண்கள் அங்கே பங்குபற்றத் தடையாக இருப்பவை எவை என்று 2016 இல் ஆராய்ந்தார்கள். பதில் சொல்லத் தனக்குத் தகுதி போதாது என்ற எண்ணம், குழுவின் பிரமாண்டம் தரும் மலைப்பு, முன்பின் தெரியாதவர்களோடு பேசுவதில் உள்ள தயக்கம் ஆகியவை பெண்களுக்குக் கூடுதலான தடைகள் என்று கண்டார்கள். அமெரிக்கப் பெண்களும் நம் தாதித் தங்கையும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள்.

பயம் வீண் பயம் என்றும் தள்ளிவிட முடியாது. கிட்ஹப் என்ற தளத்தில் பிறர் திட்டங்களுக்கு எழுதிக் கொடுக்கும் நிரல்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2017 இல் வெளியானது. மொத்தக் கணக்கில் பெண்கள் எழுதியவை ஆண்கள் எழுதியவற்றைவிடக் கூடுதலாக ஏற்கப்பட்டன. ஆனால் அந்தத் திட்டத்துக்குப் புதியவரான ஒருவர் பெண் என்று பார்த்தவுடன் தெரிந்தால் அந்தச் சாதகம் மறைந்துவிடுகிறது. வேலை நல்ல வேலை, பெயர்தான் இடைஞ்சல்.

நமக்கென்று தனியாகவும் சில காரணங்கள் உண்டு. நாம் உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள். பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலம். வேலைக்குப் போனால் பக்கத்து மேசைப் பேச்சு சிங்களம். நோயாளியோ திரும்பவும் தமிழ், அதிலும் கற்பிட்டித் தமிழ் வேறு, சிலாபத்துத் தமிழ் வேறு. இப்படி மூன்று மொழிக்குள் ஓடித் திரிந்து வேலையைச் செய்துவிடுகிறோம். ஆனால் முந்நூறு பேர் பார்க்கும் இடத்தில் நாலு வரி ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்றால் கை நின்றுவிடுகிறது. 'எழுதுகிறார்' என்று திரையில் தோன்றும், மறையும், திரும்பத் தோன்றும், மறையும். கடைசியில் ஒன்றும் வராது. வாயால் சொன்ன பிழை காற்றோடு போய்விடும். எழுதிய பிழை கிடந்து, யாராவது படம் பிடித்து இன்னொரு குழுவுக்கு அனுப்பும்வரை உயிரோடு இருக்கும்.

குழுவில் ஒரு நல்ல கேள்வி கேட்டால் பதில் குழுவில் வராமல் இரவு பத்து மணிக்குத் தனிப்பட வருவதும் உண்டு. பதிலோடு வேறு பேச்சும் வரும். இலக்கம்தான் எல்லோருக்கும் தெரிகிறதே. ஒருமுறை அப்படி நடந்தால் அடுத்த தடவை அந்தப் பெண் கேள்வி கேட்கமாட்டாள். தங்கைமார் பலர் இதைச் சொன்னார்கள். வீட்டில் சொன்னால் குழுவை விட்டு விலகு என்பார்கள் என்பதால் வீட்டிலும் சொல்வதில்லை. இதற்கு மேல் விரித்துப் பேச வேண்டியதில்லை, இங்கிருக்கும் எல்லோருக்கும் விளங்கும்.

சிலர் "நம் நாட்டுக் கலாசாரம் அப்படி, பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பேசமாட்டோம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவதற்கு 'சகானா' என்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள்தான் எழுதினார்கள். பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டு, 2006 ஆம் ஆண்டுக்கான ஃப்ரீ சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் விருதும் பெற்றது. கூகுள் நிறுவனம் 2005 இல் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தில், முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே மிகக் கூடுதலான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அதே தீவு, அதே கலாசாரம். அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. மாணவருக்கென்று ஒரு வேலை உண்டு. பெயர் சொல்லிக் கேட்க ஓர் ஆள் இருந்தால் நம்மவர்கள் பேசுகிறார்கள்.

வைத்தியசாலையிலும் இதைத்தான் பார்க்கிறோம். வாட் சுற்றில் விசேட வைத்தியர் தன் கருத்தை முதலில் சொல்லிவிட்டு "வேறு ஏதும்?" என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. கடைசி வரிசையில் நிற்கும் இளையவரிடம் முதலில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாட்டில் தாதி பேசுவார், குடும்பநல உத்தியோகத்தர் பேசுவார். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் இரண்டு வைத்தியசாலைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பார்த்தார். ஆய்வு வெளிவந்தது 1996 இல். நன்றாக நடத்தப்படும் பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் கூடுதலான தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்லப் பயப்படவில்லை, அதனால் பதிவு கூடியது. மற்ற இடங்களில் ஒளித்தார்கள். இதைக் கேட்டபின், 'எங்கள் பிரிவில் பிரச்சினையே இல்லை' என்று யாராவது பெருமைப்பட்டால் எங்களுக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

நாம் எழுதாமல் விடுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. இங்கே நுளம்பு என்கிறோம், தமிழ்நாட்டில் கொசு என்பார்கள். நாம் சொல்லும் தாதி அங்கே செவிலியர். சீனி வருத்தம் அங்கே சர்க்கரை நோய். நுரைச்சோலையில் ஒரு தாய் இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தன் வாயில் வரும் சொல்லைத்தான் கைத்தொலைபேசியில் தேடுவாள். அந்தச் சொல்லில் யாராவது எழுதியிருந்தால்தானே கிடைக்கும்? தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியபோது அதை முன்னின்று வளர்த்தவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தவர், தொழிலால் கட்டடக் கலைஞர். அவருக்கு இயல் விருது கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களில் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று 2011 இல் நடத்திய கணக்கெடுப்பு சொன்னது. குழந்தைப் பேற்றைப் பற்றியும் பாலூட்டுவதைப் பற்றியும் தமிழில் எழுதத் தகுதியுள்ள எத்தனை பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறோம் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

பேசாதவர்கள் முழுவதும் பேசாதவர்களும் அல்லர். குழுவில் ஒரு விவாதம் முடிந்த பத்தாம் நிமிடம் தனிச் செய்தி வரும்: "அக்கா, அங்கே அவர் சொன்னது சரியில்லை, எங்கள் இடத்தில் இப்படித்தான் செய்கிறோம்." அருமையான விளக்கம் இருக்கும். குழுவில் வந்த எதையும்விடப் பயனுள்ளதாக இருக்கும். அது அந்த ஒருவரின் தொலைபேசியோடு நின்றுவிடும், தொலைபேசி மாறும்போது அழிந்தும் போகும்.

மௌனத்தைக் கலைப்பது எது என்பதற்கு இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறோம். 1998 இல் டெப் ரிச்சர்ட்சன் என்ற பெண், லினக்ஸ் பயன்படுத்தும் பெண்களுக்காக 'லினக்ஸ்சிக்ஸ்' என்றொரு குழுவைத் தொடங்கினார். அதற்கு இரண்டே விதிகள்: மரியாதையாக இரு, உதவியாக இரு. பெரிய குழுக்களில் ஒரு கேள்வியும் கேட்காதவர்கள் கேட்க ஓர் இடம் அப்படிக் கிடைத்தது. பெண்கள் பாடசாலையில் படித்த நமக்கு இது புதுமையல்ல. இங்கே கணிதத்தில் கைதூக்கியதும் நாம்தான், விஞ்ஞான கூடத்தில் குடுவையை உடைத்ததும் நாம்தான், விவாத அணியின் இரு பக்கமும் நாம்தான். இரண்டாவது, டெனே ஃபோர்ட் 2017 இல் செய்த அடுத்த ஆய்வு. ஒரு கேள்வியின் கீழ் வேறு பெண்களும் எழுதியிருந்த இடங்களில் பங்குபற்றிய பெண்கள், மற்றப் பெண்களைவிட விரைவாகத் திரும்பி வந்து எழுதினார்கள். தன்னைப் போன்ற ஒருத்தியின் பெயரைக் கண்டது போதுமாக இருந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்துபவர்களே 2018 இல், தங்கள் இடம் புதியவர்களையும் பெண்களையும் வரவேற்கும் இடமாக இல்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். பேசாதவர்களை மட்டும் திருத்திப் பயனில்லை என்பது அவர்களுக்கும் விளங்கியிருக்கிறது.

ஆகவே நிர்வாகக் குழுவோடு பேசிச் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். நூற்றாண்டை ஒட்டித் தொழில்வாரியாகச் சிறு குழுக்கள் தொடங்குகிறோம். ஒரு குழுவில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். தமிழ், ஆங்கிலம், சிங்களம், மூன்றும் கலந்தது, எதுவும் எழுதலாம். எழுத்துப்பிழையை யாரும் திருத்தக்கூடாது. இது தமிழாசிரியைகளுக்கு விசேடமாகச் சொல்லும் வேண்டுகோள். ஒவ்வொரு கிழமையும் ஒருவர் பெயர் சொல்லி, "இந்தக் கிழமை உங்கள் வேலையில் கையால் செய்து கண்டுபிடித்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கப்படும். முதலில் இளையவரிடம் கேட்போம். மூத்தவர்கள் 'தெரியாது' என்று பதில் எழுதலாம். அப்படி எழுதினால் இன்னும் நல்லது. கிடைத்தவற்றை மாதம் ஒருமுறை தொகுத்து, பெயர் வேண்டாம் என்பவர்களின் பெயரை எடுத்துவிட்டு, நம் சொற்களிலேயே எல்லோருக்கும் அனுப்புவோம். யோகட் கோப்பைத் தாளைத் திரும்ப வரைந்து தருவதாக அந்தத் தங்கை ஒப்புக்கொண்டிருக்கிறார், முதல் தொகுப்பில் அது வரும். பிறந்தநாள் வாழ்த்துகள் வழக்கம்போல் பெரிய குழுவிலேயே இருக்கட்டும்.

படிவங்கள் தேநீர் வேளையில் நூலக வாசலில் கிடைக்கும். வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிப்பவர்கள் செயலாளருக்கு எழுதலாம். படிவத்தின் கடைசியில் 'வாசிக்க மட்டும்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அடையாளமிடுபவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.